எட்டுச் செல்லோக்களும் தொழுநோயாளர் ஒருவரும்

(யூபிலி ஆண்டின் தொடக்கத்தில், பாடற்குழுவினரும் பக்த சபையினரும் கூடிய கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலிப் பெருவிழாவில் எந்தெந்தப் பாடல்களைப் பாடுவது என்று முடிவு செய்யத்தான் இன்றும் கூடியிருக்கிறோம். சென்ற வாரமே முடிந்திருக்க வேண்டிய காரியம் இது. பெரியவர்கள் இலத்தீன் பாடல்களும் அந்தக் காலத்துக் கீர்த்தனைகளும்தான் வேண்டும் என்றார்கள். இளைஞர்கள் கீபோர்டும் புது மெட்டும் இல்லாவிட்டால் விழாவுக்கே வரமாட்டோம் என்றார்கள். ஒருவர் நம் ஆலயத்தைச் சத்திரம் ஆக்கப் பார்க்கிறீர்கள் என்றார். அதற்கு இன்னொருவர் சொன்ன பதிலை இந்த மலரில் அச்சிட முடியாது. இரவு ஒன்பதரைக்கு உபதேசியார் விளக்கை அணைத்த பிறகுதான் எல்லாரும் வீடு திரும்பினீர்கள். நாமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தோம். என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்ததுதான் காரணம். பொறுமை என்று எவரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இன்று அந்த வழக்கை மறுபடி எடுக்குமுன், பிரான்ஸ் நாட்டில் ஓர் ஊரில் நடக்கும் இசைவிழா பற்றிச் சொல்லப் போகிறோம். அந்த ஊருக்கு நாம் போனதில்லை. அங்கே முதன்முதலாக ஒலித்த ஒரு பாடலின் ஒலிப்பதிவை அன்பர் ஒருவர் அனுப்பிவைத்தார். கேட்டு மூன்று மாதமாகிறது. இன்னும் அது நம்மை விட்டபாடில்லை.

முதலில் கருவி. செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்தால், 'என்ன சாமி, இவ்வளவு பெரிய பிடில்!' என்பார்கள். தோளில் வைத்து வாசிக்க முடியாது. நாற்காலியில் அமர்ந்து, அடியிலுள்ள முளையைத் தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கிடையே அணைத்துக்கொண்டு வில் போடவேண்டும். நான்கு தந்திகள்; ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் ச–ப உறவு. அடித் தந்தியில் நம் முதியவர்கள் துக்க வீட்டில் ஜெபம் சொல்லும் குரல் கேட்கும்; மேல் தந்தியின் உச்சியில் பெண்பிள்ளைகளின் குரல். ஆண்குரலும் பெண்குரலும் ஒரே கருவிக்குள் அடக்கம் என்பதால்தான், மற்ற வாத்தியங்களின் துணையின்றி எட்டு செல்லோக்கள், பன்னிரண்டு செல்லோக்கள் என்று கூட்டமாக வாசிக்க முடிகிறது. எட்டுப் புல்லாங்குழலை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுதை ஓட்டுவது எளிதல்ல. எட்டு செல்லோக்கள் இருந்தால் ஒரு பாடற்குழுவே வந்து உட்கார்ந்தாற்போல் இருக்கும். திரைப்படப் பாடல்களின் பின்னணியில் நீங்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரிந்திருக்காது.

இந்தக் கருவி தனித்து நிற்கக் கற்றுக்கொண்டது ஓர் ஆலயத்தின் நிழலில் என்பதைச் சொல்லவேண்டும். இத்தாலியில் பொலோஞா நகரில் புனித பெத்ரோனியார் பேராலயம் இருக்கிறது. அங்கே செல்லோ வாசித்தவர் தோமெனிகோ கப்ரியெல்லி. அதுவரை செல்லோவுக்குப் பெரும்பாலும் அடிச்சுரம் போடும் வேலைதான். பாட்டு மேலே போகும், இது கீழே சுமக்கும். துணையின்றித் தனியாக நிற்கும் செல்லோ இசையை முதன்முதலில் எழுதியவர்களில் கப்ரியெல்லி ஒருவர். 1689இல் அவர் எழுதியவை இன்றும் இருக்கின்றன. அவற்றோடு, இரண்டு செல்லோக்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போகும் ஒரு சிறு இசையும் உண்டு. மறு ஆண்டே அவர் காலமானார். பிற்காலத்தில் செல்லோக் கூட்டங்கள் வாசித்த அத்தனைக்கும் அந்த இரண்டு செல்லோக்களை மூத்தோர் என்று கொள்ளலாம்.

பிறகு செபஸ்தியான் பாக். லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். நம் திருப்பலிக்குரிய இலத்தீன் வாசகங்களுக்கும் மகத்தான இசை எழுதியவர். தனிச் செல்லோவுக்கென்று ஆறு தொகுப்புகள் எழுதினார். அவர் கைப்பட எழுதிய ஏடு தொலைந்துபோயிற்று. மனைவி அன்னா மக்தலேனா பிரதி எடுத்து வைத்திருந்ததால் நமக்குக் கிடைத்தது. வீட்டு வேலைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே உட்கார்ந்து அந்த அம்மாள் எழுதியிருப்பார். (பாடற்குழுவின் பாட்டு நோட்டுகளைக் கிழித்து மடக்கி விசிறியாக்கும் தம்பிகள் இதைக் கவனிக்கவும்.)

அந்த ஆறு தொகுப்புகளும் நெடுங்காலம் கைப்பயிற்சிக்கான பாடங்களாகவே கிடந்தன. 1890இல் பார்செலோனா நகரில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பழைய இசைநூல் கடையில் அவற்றைக் கண்டெடுத்தான். அவனுடைய தகப்பனார் எல் வென்திரெல் என்ற ஊர் ஆலயத்தில் ஆர்கன் வாசித்தவர். பையன் பெயர் பாப்லோ கசால்ஸ். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் சாதகம் செய்த பிறகே அதை மக்கள்முன் வாசித்தார். பன்னிரண்டு ஆண்டுகள்! நாம் திருவருகைக் காலப் பாடலை முந்தின சனிக்கிழமை எடுக்கிறோம்.

ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து பிராங்கோவின் ஆட்சி வந்ததும் கசால்ஸ் நாட்டை விட்டு வெளியேறி, எல்லைக்கு இப்பால் பிரான்சிலுள்ள பிராத் என்ற சிற்றூரில் அகதியாக வாழ்ந்தார். சர்வாதிகாரியை ஏற்றுக்கொண்ட நாடுகளின் மேடைகளில் ஏற மறுத்துத் தம் கருவியை மௌனமாக்கினார். பாக் இறந்து இருநூறு ஆண்டு நிறைந்த 1950இல், 'நீர் வெளியே வராவிட்டால் நாங்கள் அங்கே வருகிறோம்' என்று உலகத்து இசைக்கலைஞர்கள் அந்தச் சிற்றூருக்கே வந்து விழா எடுத்தார்கள். கச்சேரி நடந்த இடம் அவ்வூரின் புனித இராயப்பர் ஆலயம். பலிபீடம் இருக்கும் இடத்தில் கருவியோடு அமர்வது தகுமா என்று இன்று கேட்பவர்கள், அன்று கேட்டவர்களையும் நினைத்துப் பார்க்கலாம்.

கூட்டுச் செல்லோ பற்றி அதிகம் சொல்லி உங்களைச் சோதிக்க மாட்டோம். ஜெர்மனியில் யூலியுஸ் கிளெங்கல் என்ற செல்லோ ஆசான், ஆர்தர் நிக்கிஷ் என்ற பெரிய இசைநடத்துநரின் பிறந்தநாளுக்காகப் பன்னிரண்டு செல்லோக்களுக்கு ஒரு புகழ்ப்பா எழுதினார். அது 1920. அந்த ஏட்டைத் தூசி தட்டி 1972இல் பெர்லின் பில்ஹார்மோனிக் குழுவின் பன்னிரண்டு செல்லோக்காரர்கள் ஒரு வானொலிப் பதிவுக்காக வாசித்தார்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் பிறகு பிரியவேயில்லை. தலைமுறை மாறி இன்றும் அக்குழு வாசிக்கிறது. பிரேசில் நாட்டு வில்லா-லோபோஸ் என்பவர் தாமே செல்லோ வாசித்தவர். சிறுவனாயிருந்தபோது முழுச் செல்லோ கைக்கு எட்டாது என்று, தகப்பனார் ஒரு வயோலாவுக்கு முளை பொருத்திக் கொடுத்தாராம். அவர் 1930இல் ஒரு செல்லோக் கூட்டத்துக்கு இசை எழுதி அதைக் கசால்ஸுக்குக் காணிக்கையாக்கினார். சில ஆண்டுகள் கழித்து ஒரு பெண்குரலுக்கும் எட்டு செல்லோக்களுக்குமாக எழுதியது உலகெங்கும் பரவிற்று. பாக்கின் முறையையும் பிரேசில் தெருப்பாட்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது அது. முதலில் கேட்ட பாக் பக்தர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சென்ற வாரக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி பொவே நகருக்கு வருவோம். பாரிஸுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். அங்குள்ள புனித இராயப்பர் பேராலயத்தைப் பற்றிக் குருமடத்தில் திருச்சபை வரலாறு நடத்திய பேராசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1225இல் தொடங்கினார்கள். மற்ற எல்லாப் பேராலயங்களையும்விட உயரமாகக் கட்டவேண்டும் என்பது ஆசை. பலிபீடத்தின் மேலுள்ள வளைவுக் கூரையை ஏறத்தாழ 48 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோனார்கள். 1284இல் அதில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மறுபடி தூக்கி நிறுத்தினார்கள். அப்புறமும் ஆசை விடவில்லை. மக்கள் நிற்கும் நடுக்கூடத்தை முதலில் கட்டி முடிக்காமல், 153 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுரம் எழுப்பினார்கள். 1573ஆம் ஆண்டு ஏப்ரல் 30, ஆண்டவரின் விண்ணேற்புத் திருநாளன்று அந்தக் கோபுரம் விழுந்தது. நடுக்கூடம் இன்றுவரை கட்டப்படவில்லை. பலிபீடப் பகுதியும் குறுக்குக் கைகளும் மட்டும் வானளாவ நிற்கின்றன. யூபிலி நினைவாக நம் மணிக்கூண்டை இன்னும் இருபதடி உயர்த்தலாமா என்று கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கும் அன்பர்கள் இதைப் பற்றி நம்மிடம் தனியே வந்து பேசலாம்.

அதே ஊரின் விளிம்பில் வேறொரு கட்டடமும் இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொழுநோயாளருக்காக ஏற்பட்ட இல்லம். புனித லாசரின் பெயர் கொண்டது. லூக்கா நற்செய்தி பதினாறாம் அதிகாரத்தில் பணக்காரன் வாசலில் புண்களோடு கிடந்தாரே, அந்த லாசரைத்தான் தொழுநோயாளர்கள் தங்கள் பாதுகாவலராகக் கொண்டார்கள். விண்ணை முட்டக் கட்ட ஆசைப்பட்டது கால்வாசி விழுந்து அரைகுறையாக நிற்கிறது. ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களுக்காகக் கட்டியதன் சிற்றாலயமும் களஞ்சியமும் நிலைத்து நிற்கின்றன. இன்று அது கலை நிகழ்ச்சிகளுக்கான இடமாகப் பயன்படுகிறது.

அந்தக் காலத்தில் தொழுநோயாளரை எப்படி நடத்தினார்கள் என்று கேட்டால் நாம் வெட்கப்பட வேண்டியதும் உண்டு, பெருமைப்பட வேண்டியதும் உண்டு. கையில் மணியோ மரக்கட்டையோ கொடுத்து, வழியில் ஆள் வந்தால் ஒலியெழுப்பி ஒதுங்கச் சொன்னார்கள். பல இடங்களில் உயிரோடிருப்பவருக்கே சாவுச் சடங்கு போன்ற ஒன்றை நடத்தி ஊரிலிருந்து அனுப்பினார்கள். மறுபுறம், 1179இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம், ஊர் ஆலயத்துக்கு வரக்கூடாத தொழுநோயாளர் கூட்டமாக வாழும் இடங்களில் அவர்களுக்கென்று சொந்த ஆலயமும் கல்லறைத் தோட்டமும் குருவும் இருக்கவேண்டும் என்று சட்டம் செய்தது. அந்தச் சட்டம் யாரைக் கண்டிக்கிறது தெரியுமா? அவர்களுக்கு அதை மறுத்துத் தங்கள் நலனையே பார்த்துக்கொண்டிருந்த குருக்களை. குருமடத்தில் படித்தபோது இதை ஒரு தேதியாக மட்டும் மனப்பாடம் செய்தோம்.

இந்தப் பொவேயில் செல்லோக் குழுக்களுக்கென்றே ஓர் இசைவிழா உண்டு. இத்தகைய கச்சேரிகளில் பாக்கின் பழைய இசையைப் பல செல்லோக்களுக்குப் பிரித்து வாசிப்பார்கள், வில்லா-லோபோஸ் வருவார், உயிரோடிருக்கும் ஒருவர் புதிதாக எழுதியதும் இருக்கும். விழாக்குழுவினர் இசையமைப்பாளர்களைக் கேட்டுப் புதியன எழுதி வாங்குவார்கள். அப்படி ஆர்வோ பேர்ட் என்பவரிடம் கேட்டார்கள். எஸ்தோனியா நாட்டில் 1935இல் பிறந்தவர்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். எஸ்தோனியா அப்போது சோவியத் ஆட்சியில் இருந்தது. 1968இல் இவர் தம் விசுவாச அறிக்கையையே பெயராகக் கொண்ட ஓர் இசையை அரங்கேற்றினார். அரசாங்கத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய நெருக்கடி அவருக்குள்ளேயே இருந்தது. அக்காலத்து நவீன முறைகள் எல்லாவற்றிலும் எழுதிப் பார்த்தவர் அவர். ஒன்றும் தம்முடையதாகப் படவில்லை. ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மிகச் சிலவற்றைத் தவிர எதையும் எழுதவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார்? நம் கிரகோரியன் சங்கீதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைபோல் ஒற்றை வரி எழுதிப் பழகினார். நாம் பரணில் போட்டுவிட்ட அதே சங்கீதம்! ஆர்த்தொடொக்ஸ் திருச்சபையில் சேர்ந்தார். 1976இல் மௌனம் கலைந்து வந்தபோது அவர் கையில் ஒரு புதுமுறை இருந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் 'சிறுமணி' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும், ஓர் ஆள் நடந்துபோவதைப்போல். அதன் பக்கத்திலேயே இன்னொரு குரல் மூன்றே சுரங்களில் மணி அடித்தாற்போல் நின்று ஒலிக்கும். அவ்வளவுதான். நம் பாடற்குழுவில் சுரம் தெரியாத பிள்ளைக்கும் விளக்கிவிடலாம். ஆனால் அதை எழுத அவருக்கு எட்டு ஆண்டு மௌனம் தேவைப்பட்டது.

புதியதா பழையதா என்று சென்ற வாரம் கேட்டவர்களை நாம் கேட்கிறோம்: இவருடைய இசையை எந்த அலமாரியில் வைப்பீர்கள்? 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய ஏட்டில் கிரகோரியன் சங்கீதத்துக்கு முதலிடம் கொடுத்தது. அதே ஏட்டில் அந்தந்த மக்களின் சொந்த இசைமரபை மதிக்கவேண்டும் என்றும் சொன்னது. இரண்டு கட்சியாரும் ஆளுக்கொரு பத்தியைக் கிழித்துக் கொடியாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

பொவேக்காகப் பேர்ட் எழுதியது ஒரு பெண்குரலுக்கும் எட்டு செல்லோக்களுக்குமான பாடல். 2004இல் அந்நகரில் அரங்கேறியது. பாடியவர் பார்பரா ஹென்ட்ரிக்ஸ். வாசித்தது எலியாஸ் அரிஸ்குரென் நடத்திய, நெதர்லாந்தைச் சேர்ந்த எண்மர் குழு. பிரெஞ்சு மொழியில் பாடப்படுவது. அதன் பெயர் 'முனிவர் அகத்தோன்'. ஊர் விளிம்பில் தொழுநோயாளர் இல்லம் நிற்கும் நகருக்கு எழுதிய பாடலில் ஒரு தொழுநோயாளர் வருவது தற்செயல் என்று நாம் எண்ணவில்லை.

வனத்து அந்தோனியாரையும் வனத்துச் சின்னப்பரையும் உங்களுக்குத் தெரியும். அவர்கள் வழியில் எகிப்து தேசத்துப் பாலைவனத்தில் தவம் செய்தவர்களில் ஒருவர் அகத்தோன். நாக்கை அடக்கக் கற்பதற்காக மூன்று ஆண்டுகள் வாயில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டிருந்தார் என்று அந்த முனிவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளில் உண்டு. எட்டு ஆண்டுகள் மௌனம் காத்தவருக்கு அவரைப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

கதை இதுதான். அகத்தோன் தம் கைவேலைப் பொருள்களை விற்க நகரத்துக்குப் புறப்பட்டார். வழியோரத்தில் ஒரு தொழுநோயாளர் கிடந்தார். எங்கே போகிறீர் என்று கேட்டார். சந்தைக்கு என்றார் அகத்தோன். தயவு செய்து என்னையும் தூக்கிக்கொண்டு போம் என்றார் அவர். அகத்தோன் முதுகில் ஏற்றிக்கொண்டு போனார். நீர் விற்கிற இடத்திலேயே என்னை இறக்கிவிடும் என்றார், அப்படியே செய்தார். ஒரு பொருள் விற்றது. என்ன விலைக்குப் போயிற்று என்று தொழுநோயாளர் கேட்டார். இன்ன விலை என்றார். எனக்கு ஒரு பணியாரம் வாங்கித் தாரும் என்றார். வாங்கிக் கொடுத்தார். இரண்டாவது பொருள் விற்றது. எவ்வளவு? இவ்வளவு. அப்படியானால் எனக்கு இதை வாங்கித் தாரும். வாங்கிக் கொடுத்தார். இப்படியே கொண்டுவந்தது எல்லாம் விற்றுத் தீர்ந்தது. இனி ஊருக்குத்தானே என்றார் அவர். ஆம். அப்படியானால் என்னை மறுபடி தூக்கிக்கொண்டுபோய், எடுத்த இடத்திலேயே விட்டுவிடும். அகத்தோன் அதையும் செய்தார். இறக்கிவிட்டபோது அந்த மனிதர் அவரை வாழ்த்தினார். அகத்தோன் நிமிர்ந்து பார்த்தால் அங்கே யாருமில்லை. அவரைச் சோதிக்க வந்த வானதூதர் அவர்.

கதையின் முடிவைப் பிரசங்கத்தில் சொல்வது சுலபம். நம்மை உறுத்தியது நடுவில் வரும் பகுதி. முதுகில் தூக்குவது ஒரு நிமிஷத்து வீரம். யாராவது பார்த்தால் புகைப்படமும் எடுப்பார்கள். ஆனால் கடை விரித்த இடத்திலேயே பக்கத்தில் உட்காரவைத்தாரே! தொழுநோயாளர் பக்கத்தில் இருந்தால் எவன் பொருள் வாங்குவான்? ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டவரிடம் ஒரு தடவைகூட 'போதுமய்யா' என்று சொல்லவில்லையே. அதுவும் நன்றி கெட்டவர்போல், சலிப்பூட்டும் விதமாகக் கேட்டவரிடம். பாடலில் இந்தக் கேள்வியும் பதிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. செல்லோக்கள் அவசரப்படுவதில்லை. மூட்டை சுமப்பவன் நடப்பதுபோல் நடக்கின்றன.

அன்பர்களே, இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நமக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்தது. 2001இல், வேறொரு பங்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். அங்கே தொழுநோயிலிருந்து குணம் பெற்றவர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. ஒரு பெண்பிள்ளை; பதினாறு, பதினேழு வயது. அவளுக்கு நோய் வந்ததேயில்லை. அவள் தாய்க்கு இருந்து, குணமாகி, விரல்கள் மடங்கியிருந்தன. அந்தப் பிள்ளையின் குரல் அப்படியொரு குரல். பூசைக்குப் பின் நம்மிடம் வந்து, 'சாமி, நானும் பாட்டுக்குழுவில் சேரலாமா?' என்று கேட்டாள். தாராளமாக வா அம்மா என்றோம். அடுத்த ஒத்திகையில் அவள் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை. மறுநாள் இரண்டு குடும்பத் தலைவர்கள் அறைக்கு வந்தார்கள், பண்பாகத்தான் பேசினார்கள். பாஸ்காத் திருவிழா நெருங்குகிறது, குழு கலைந்துவிடக் கூடாது என்றார்கள். நாம் என்ன செய்தோம்? அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, 'திருவிழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் அம்மா' என்றோம். சரி சாமி என்று சொல்லிவிட்டுப் போனாள். திருவிழாப் பாட்டு அவ்வாண்டு மிக நன்றாக அமைந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் பிறகு வரவில்லை. நாமும் போய்க் கூப்பிடவில்லை.

நோய் தெரியாத காலமா அது? தொழுநோய்க் கிருமியை நோர்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டது 1873இல். அருளாளர் தமியான் மொலோக்காய்த் தீவில் கால் வைத்ததும் அதே ஆண்டில்தான். 2009இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்தத் தீவில் அவர் கல்லறை தோண்டியதையும் புண் கட்டியதையும் சொல்வோம். தொழுநோயாளரைக் கொண்டே பாடற்குழுவும் வாத்தியக்குழுவும் அமைத்தார் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை எடுத்தால் குணமாகிவிடும். மாத்திரை தொடங்கியவுடனேயே பிறருக்குத் தொற்றும் வாய்ப்பு அநேகமாக அற்றுப்போகும். பெரும்பாலோருக்கு இயற்கையாகவே இந்நோய்க்கு எதிர்ப்புச் சக்தியும் உண்டு. இவ்வளவும் தெரிந்த பிறகும் நம் நாட்டின் சட்டப் புத்தகத்தில் தொழுநோய் மணமுறிவுக்கு ஒரு காரணமாக இருந்தது. கிறிஸ்தவர்களுக்கான 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்திலும் இருந்தது, 2019இல்தான் நீக்கினார்கள். அரசாங்கத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. சட்டத்திலிருந்து அந்த வரி போய்விட்டது. நம் பெஞ்சிலிருந்து போயிற்றா என்றுதான் கேட்கிறோம்.

வாய்க்காலுக்கு அந்தப்புறத்துக் குடியிருப்பிலிருந்து ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பக்கவாசலை ஒட்டிய கடைசி இரண்டு பெஞ்சு. யாரும் சொல்லி அங்கே உட்காரவில்லை. சமாதான வாழ்த்துச் சொல்லும்போது அதற்கு முந்தின பெஞ்சோடு கைகள் நின்றுவிடுகின்றன. பலிபீடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. அங்கே இரண்டு பெரியவர்களுக்கு நம் பழைய இலத்தீன் 'கீரியே'யும் 'சால்வே'யும் முழுதாக மனப்பாடம். முன்பு மருத்துவமனையில் அருட்சகோதரிகள் கற்றுக்கொடுத்தது. நம் பாடற்குழுவில் அதை முழுதாகப் பாடத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று இப்போது கைதூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டோம். அதே குடியிருப்பில் கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பியும் இருக்கிறான்; பக்கத்து ஊர்க் கல்யாண வீடுகளுக்கு வாசிக்கிறானாம். பழைய பாட்டுக்கு ஆளும் அங்கேதான், புதுப்பாட்டுக்கு ஆளும் அங்கேதான்.

ஆகவே பாடல் பட்டியலை இன்று நாம் வாசிக்கப் போவதில்லை. ஒத்திகை ஆறு. அவற்றில் மூன்று குடியிருப்பிலுள்ள சிற்றாலயத்தில் நடக்கும். எதைப் பாடுவது என்பதை முதல் ஒத்திகையில், அந்த இரண்டு பெரியவர்களையும் கீபோர்டுத் தம்பியையும் வைத்துக்கொண்டு முடிவு செய்வோம். அவர்களிடம் நேற்று மாலை போய்க் கேட்டோம். பெரியவர்களில் ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர், 'உங்க ஆட்கள் வருவார்களா சாமி?' என்று கேட்டார். வருவார்கள் என்று நாம் உங்கள் சார்பில் வாக்குக் கொடுத்திருக்கிறோம். கேட்காமல் கொடுத்தது தவறுதான், மன்னிக்கவும்.

வர விருப்பமில்லாதவர்கள் நம்மிடம் தனியே வந்து சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆனால், திருவிழா முடியட்டும் பிறகு பார்க்கலாம் என்ற பதிலை இந்தத் தடவை நாம் யாரிடமும் போய்ச் சொல்லத் தயாராயில்லை.

முதல் ஒத்திகை வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. அங்கே ஆர்மோனியம் கிடையாது. வாய்க்கால் பாலத்தில் வண்டி போகாது. இங்குள்ளதைத் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும். கனமான பெட்டி. இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்தை நாம் பிடித்துக்கொள்கிறோம்.